நியூயார்க்கின் நோ வேவ் இசையும் படங்களும்: மதுரைத் திரையிடலுக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு மாடி அறையில் மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்க்கும் சிறிய வட்டம் எங்களுடையது. அடுத்து வரும் திரையிடல்களுக்கு, 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் உருவான ‘நோ வேவ்’ இசைக்குழுக்களின் பதிவுகளையும் அதே ஆட்கள் எடுத்த படங்களையும் தேர்ந்திருக்கிறோம். அறிவிப்பு வெளியான நாள் முதல் நேரிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை தந்துவிடலாம் என்று இதை எழுதுகிறோம்.

நோ வேவ் என்பது என்ன?

1977 வாக்கில் தொடங்கி 1980களின் முற்பகுதிக்குள் ஓய்ந்துபோன, மன்ஹாட்டன் தீவின் தென்பகுதித் தெருக்களைப் பெரும்பாலும் தாண்டாத, ஒரு சிறு கலைஞர் கூட்டத்தின் இசைக்கும் சினிமாவுக்கும் வழங்கும் பெயர் அது. இசையில் மார்ஸ், டி.என்.ஏ., டீனேஜ் ஜீசஸ் அண்ட் த ஜெர்க்ஸ், கன்டார்ஷன்ஸ் ஆகிய நான்கு குழுக்களை முதலில் சொல்வது வழக்கம். சினிமாவில் ஏமஸ் போ, விவியன் டிக், ஜேமி நேர்ஸ் (அன்றைய படங்களில் ஜேம்ஸ் நேர்ஸ் என்றிருக்கும்), எரிக் மிட்செல், பெத் பி – ஸ்காட் பி இணையர் ஆகியோரின் பெயர்கள் வரும்.

இந்த இரண்டு பட்டியல்களையும் தனித்தனியாக வைத்துப் படிப்பதுதான் பலரும் செய்கிற தவறு என்பது எங்கள் கருத்து. கிட்டார் வாசித்தவரே கேமரா பிடித்தார். அவருடைய படத்தில் இன்னொரு குழுவின் பாடகி நடித்தார். அந்தப் படத்தை அடுத்த வாரம் பார்க்க வந்தவர்களும் இவர்களே. இசையைக் கேட்காமல் படங்களை மட்டும் பார்ப்பவருக்கு அவை அரைகுறை வேலையாகத் தெரிவதில் வியப்பில்லை. அதனால்தான் ஒவ்வொரு படத்துக்கும் முன்பாக அரை மணி நேரம் இசைக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். தாமதமாக வந்து அந்தப் பகுதியைத் தவறவிட வேண்டாம்.

அந்த நகரத்தில், அந்த ஆண்டுகளில் இது ஏன் நடந்தது?

முதற்காரணம் வாடகை. நியூயார்க் நகர நிர்வாகம் 1975இல் திவாலாகும் நிலைக்குப் போயிற்று. நகரைக் கைதூக்கிவிட அன்றைய அதிபர் ஃபோர்டு மறுத்தபோது, ‘செத்துத் தொலை’ என்று அவர் நகரத்தைப் பார்த்துச் சொன்னதாக 1975 அக்டோபரில் டெய்லி நியூஸ் நாளிதழ் கொட்டை எழுத்தில் தலைப்பிட்டது. அவர் அந்தச் சொற்களைச் சொல்லவில்லை. ஆனாலும் தலைப்பு நிலைத்துவிட்டது. துறைமுகமும் சிறு தொழிற்சாலைகளும் முன்பே நகரைவிட்டு நகரத் தொடங்கியிருந்ததால் தென் மன்ஹாட்டனில் கிடங்குகள் காலியாகக் கிடந்தன. கீழைப் பகுதிக் குடியிருப்புகளில், வரி கட்டுவதைவிடக் கைவிடுவதே லாபம் என்று கட்டட உரிமையாளர்கள் கணக்குப் போட்டார்கள். காப்பீட்டுத் தொகைக்காகக் கொளுத்தப்பட்ட கட்டடங்களும் இருந்தன. 1977 ஜூலை 13ஆம் நாள் இரவு நகரம் முழுவதும் மின்சாரம் போய்ப் பெருங்கொள்ளை நடந்தது இந்தப் பின்னணியில்தான்.

வசதி படைத்தவர்கள் வெளியேறிய இடங்களுக்கு மற்ற ஊர்களிலிருந்து இருபது வயதுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். வாரத்தில் ஓரிரு நாள் ஏதாவது வேலை பார்த்தால் மாத வாடகை தேறிவிடும். மீதி நாட்கள் முழுவதும் கைவசம். மாசி வீதிகளுக்குள் ஒரு மாடியை வாடகைக்குப் பிடிக்க அலைந்தவர்களுக்கு இதன் அருமையை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கோபம், கலகம், இளமைத் துடிப்பு என்றெல்லாம் இந்த இயக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சாதாரணக் கணக்கை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோபம் எல்லா ஊரிலும் உண்டு, காலி மாடி எல்லா ஊரிலும் இல்லை.

வாசிக்கத் தெரியாதவர்கள் குழு நடத்தியதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. டி.என்.ஏ. குழுவையே எடுத்துக்கொள்ளலாம். அதன் டிரம்ஸ் கலைஞர் இக்குவே மோரி 1977இல் டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவர். குழுவில் சேரும்வரை டிரம்ஸ் வாசித்துப் பழகியவர் அல்லர். கிட்டார் பிடித்த ஆர்ட்டோ லிண்ட்சே, சிறு வயதைப் பிரேசிலில் கழித்தவர். பன்னிரண்டு தந்தி பூட்டிய டேனெலெக்ட்ரோ கிட்டாரைச் சுருதி சேர்க்காமலே மேடைக்குக் கொண்டுவருவார். அவர் கை அதில் ராகம் தேடுவதில்லை. தந்திகளைப் பிறாண்டுவார், அறைவார், திடீரென்று நிறுத்துவார். அந்த நிறுத்தத்துக்குள் மோரியின் அடி வந்து விழும். நம்முடைய கணக்கில் ஆதி, ரூபகம் என்று எதிலும் அடங்காத அந்த அடிகளை இரண்டு மூன்று முறை கேட்டால், ஒவ்வொரு பாட்டிலும் அவை அதே இடத்தில்தான் விழுகின்றன என்பது புலப்படும். கைக்கு வந்தபடி வாசித்ததாகத் தோன்றுவது ஒத்திகை பார்த்து இறுக்கிக் கட்டப்பட்டது. மோரி பின்னாளில் டிரம் மெஷினும் மடிக்கணினியும் கொண்டு இசையமைத்து உலகறிந்த கலைஞரானார்.

டீனேஜ் ஜீசஸ் குழுவில் டிரம்ஸ் என்பதே ஒரு ஸ்னேரும் ஒரு சிம்பலும் மட்டும். பதினாறு வயதில் ரோச்செஸ்டர் நகரைவிட்டு நியூயார்க் வந்த லிடியா லஞ்ச் அதன் பாடகி. பாட்டு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். முழுக் கச்சேரியே பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். கன்டார்ஷன்ஸில் மட்டும் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். சாக்ஸபோன் வாசித்துப் பாடிய ஜேம்ஸ் சான்ஸ், கட்டுப்பாடற்று வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ் பயின்றவர். ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க் தாளத்தின்மேல் அதை ஏற்றினார். அவருக்குப் பக்கத்திலேயே, கிட்டார் முன்பின் வாசித்திராத பேட் பிளேஸ் நின்று ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தார். தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே மேடையில் சரிசமமாக நின்றதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பங்க் இசையிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

பங்க் எவ்வளவு முரட்டுத்தனமாக ஒலித்தாலும் அதன் எலும்புக்கூடு 1950களின் ராக் அண்ட் ரோல்தான். மூன்று ஸ்வரக்கட்டு, நேரான தாளம், திரும்பி வரும் பல்லவி. நோ வேவ் குழுக்கள் அந்த எலும்புக்கூட்டையே வேண்டாம் என்றன.

ஒரே ஒரு இசைத்தட்டை எல்லோரும் குறிப்பிடுகிறார்களே?

1978 மே மாதத் தொடக்கத்தில் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸ் என்னும் கலைக்கூடத்தில் ஐந்து இரவுகள் கச்சேரிகள் நடந்தன. கடைசி இரண்டு இரவுகளில் மேலே சொன்ன நான்கு குழுக்களும் வாசித்தன. அதில் ஓரிரவு ஜேம்ஸ் சான்ஸ் மேடையிலிருந்து இறங்கி வந்து, பார்வையாளராக இருந்த ஓர் இசை விமர்சகரோடு கைகலந்தார். அப்போது நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ இந்தக் கச்சேரிகளைக் கேட்டுவிட்டு, குழுவுக்கு நான்கு பாட்டு வீதம் பதினாறு பதிவுகள் கொண்ட ‘நோ நியூயார்க்’ தட்டை அதே ஆண்டில் வெளிக்கொணர்ந்தார்.

தட்டின் பெருமை நியாயமானதே. ஆனால் அது கதையைக் குறுக்கியும் விட்டது. அந்த ஐந்து இரவுகளில் வாசித்த தியரெட்டிகல் கேர்ள்ஸ், கைனகாலஜிஸ்ட்ஸ் போன்ற குழுக்கள் தட்டில் இடம்பெறவில்லை. விளைவாக, பதிவானவர்கள் வரலாற்றிலும் பதிவாகாதவர்கள் அடிக்குறிப்பிலும் போய் உட்கார்ந்தார்கள். மார்ஸ் குழு 1978 டிசம்பரிலேயே கடைசிக் கச்சேரியை நடத்திக் கலைந்துவிட்டது. தட்டு உலகெங்கும் பேசப்பட்டபோது மேடையில் அவர்கள் இல்லை.

இசைக்காரர்கள் கையில் கேமரா எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் படங்களின் தோற்றம் முழுவதும் கருவியைப் பொறுத்தே அமைந்தது.

கோடாக் நிறுவனம் 1965இல் சூப்பர் 8 படச்சுருளை அறிமுகப்படுத்தியது. குடும்பத்தலைவர்கள் பிள்ளைகளின் பிறந்தநாளையும் கடற்கரைச் சுற்றுலாவையும் எடுப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. சுருளை இருட்டில் மாட்ட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பெட்டியோடு வருவதைக் கேமராவின் பக்கவாட்டில் செருகினால் போதும். ஒரு பெட்டிக்குள் 50 அடிச் சுருள், நொடிக்கு 18 சட்டகம் என்ற வேகத்தில் 3 நிமிடம் 20 நொடி ஓடும். 1973இல் காந்தப் பட்டை ஒட்டிய ஒலிச் சுருள் வந்தது. படமும் பேச்சும் ஒரே கருவியில், ஒரே ஆளால், ஒரே நேரத்தில் பதிவாகும் என்ற நிலை அதனால் உருவாயிற்று. 16 மி.மீ. படமென்றால் கேமராவுக்கு ஓர் ஆள், ஒலிக்கு ஓர் ஆள், ஆய்வகச் செலவு, நெகட்டிவ், பிரிண்ட் என்று செலவு வளரும். சூப்பர் 8 சுருளோ கழுவியவுடன் நேரே பாசிட்டிவாகக் கையில் வரும், நெகட்டிவ் கிடையாது.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. நெகட்டிவ் இல்லாததால் கேமராவில் ஓடிய சுருளே அந்தப் படத்தின் ஒரே பிரதி. வெட்டினால் மூலத்தையே வெட்ட வேண்டும், திரையிடும்போது கீறல் விழுந்தால் மூலத்திலேயே விழும். ஒலியிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒலிமுனை, படம் விழும் சட்டத்துக்கு 18 சட்டகம் தள்ளி அமைந்திருந்தபடியால், ஓரிடத்தில் கத்திரி போட்டால் அந்தப் படத்துக்குரிய பேச்சு ஒரு நொடி பிசகிக் கிடக்கும். ஆகவே பலர் வெட்டுவதையே குறைத்துக்கொண்டு, ஒரு பெட்டி தீரும் வரை கேமராவை ஓடவிட்டார்கள். விவியன் டிக் 1978இல் எடுத்த ‘கெரில்லேர் டாக்ஸ்’ படத்தில் பெண்கள் ஒவ்வொருவராகக் கேமராவின் முன்னால் சுருள் தீரும்வரை இருந்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் பின்பால் விளையாடுகிறார், ஒருவர் கடிதம் படிக்கிறார். சுருளின் நீளமே காட்சியின் நீளம். இதைக் கலைக்கோட்பாடு என்று பெரிதாக எழுதுபவர்கள் ஒருமுறை அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் நல்லது.

இதற்கு முன்னோடியாக 1976இல் ஏமஸ் போவும் இவான் க்ராலும் சேர்ந்து, பௌரி தெருவில் இருந்த சி.பி.ஜி.பி. மன்றத்தின் குழுக்களை 16 மி.மீ. சுருளில் ஒலியில்லாமல் எடுத்து, தனியே கிடைத்த ஒலிநாடாக்களை அதன்மேல் ஒட்டினார்கள். பாடுபவரின் வாயசைவும் பாட்டும் ஒட்டவே ஒட்டாது. தங்கம், சென்ட்ரல் தியேட்டர்களில் டப்பிங் படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அது பெரிய இடைஞ்சலாக இராது.

படங்களை எங்கே காட்டினார்கள்?

இசை நடந்த இடங்களிலேயே காட்டினார்கள். மேக்ஸஸ் கேன்ஸஸ் சிட்டி என்ற மன்றத்தில் பெத் பி, ஸ்காட் பி இருவரும் ‘தி அஃபெண்டர்ஸ்’ என்ற படத்தை 1979–80இல் வாரத் தொடராகக் காட்டினார்கள். ஒரு வாரம் வசூலான பணத்தில் அடுத்த பகுதியை எடுப்பார்கள். நம் வார இதழ்களில் தொடர்கதை எழுதியவர்கள் அறிந்த நெருக்கடிதான் இது, அங்கே எழுத்துக்குப் பதில் சுருள்.

1979இல் செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் தெருவில் ‘நியூ சினிமா’ என்ற பெயரில் மிட்செல், நேர்ஸ், பெக்கி ஜான்ஸ்டன் ஆகியோர் ஐம்பது பேர் அளவுக்கான ஓர் அறையைத் திறந்தார்கள். சூப்பர் 8 படங்களை வீடியோ நாடாவுக்கு மாற்றி வீடியோ புரொஜெக்டரில் காட்டியதால் மூலச்சுருள் தேய்மானத்திலிருந்து தப்பித்தது. சில மாதங்களே அந்த அறை நடந்தது. 1980களில் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து ஊர்ப் பொதுவில் விடிய விடியப் படம் போட்ட நம்மவர்களுக்கு, சினிமாவை வீடியோவில் காட்டுவது கௌரவக் குறைவு என்று தோன்றியதில்லை. ஆனால் அன்றைய நியூயார்க் கலைப்பட வட்டாரத்தில் அது கிட்டத்தட்டத் தீட்டு.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது ‘டவுன்டவுன் 81’. பின்னாளில் பெரும் ஓவியராக அறியப்பட்ட ஜான் மிஷேல் பாஸ்கியா, கையில் காசில்லாமல் ஓவியத்தோடு நகரைச் சுற்றும் இளைஞராக நடிக்கிறார், டி.என்.ஏ. குழு வாசிப்பதையும் ஜேம்ஸ் சான்ஸ் பாடுவதையும் அதில் பார்க்கலாம். 1980–81 குளிர்காலத்தில் எடுக்கப்பட்ட அது பணமின்றிக் கிடப்பில் போய், 2000ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. அதற்குள் பேச்சு ஒலிநாடா தொலைந்து, பாஸ்கியாவும் 1988இல் இறந்துவிட்டதால் அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்திருக்கிறார்.

அடுத்து நேர்ஸின் ‘ரோம் 78’. ரோமப் பேரரசர் கலிகுலாவின் கதையை நியூயார்க்கின் தூண் வைத்த கட்டடங்களிலும் நண்பர்களின் குடியிருப்புகளிலும் எடுத்த படம். லிடியா லஞ்ச், ஜேம்ஸ் சான்ஸ், ஜான் லூரி என்று மொத்த வட்டாரமும் ராஜ உடுப்போடு வந்து நிற்கிறது. வசனம் மறந்தால் சிரித்துவிட்டுத் தொடர்கிறார்கள். மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில், தனித்தனியாக ஒப்பந்தமாகி வந்த நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மோதிக்கொள்ளும் தர்க்கம் அங்கேயே பிறக்கும். ‘ரோம் 78’ பார்க்கையில் அந்த நினைவு வராமல் போகாது. ஆனால் நம் நாடகக்காரருக்குப் பாட்டும் வசனமும் பல ஆண்டுப் பாடமாக நெஞ்சில் இருக்கும், இவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. படம் நடுவில் தொய்வதற்கு அதுவே காரணம். இந்தப் படத்தைத் தலைசிறந்த படைப்பு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்தக் கூட்டம் எப்படிப் பொழுதைக் கழித்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்பதற்காகவே காட்டுகிறோம்.

ஆவணப்படமாக ஒன்று வேண்டுமென்றால் 2010இல் வெளியான ‘பிளாங்க் சிட்டி’ இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் பெண்கள் எந்த அளவுக்கு இருந்தார்கள்?

அந்நாளைய ராக் இசை உலகத்தோடு ஒப்பிட்டால் கணிசமாக. மோரி, லஞ்ச், பிளேஸ் தவிர, மார்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் நான்சி ஆர்லன் ஒரு சிற்பி. கன்டார்ஷன்ஸில் ஆர்கன் வாசித்த அடேல் பெர்ட்டே படங்களிலும் நடித்தார். பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் போனபோது, பயிற்சிக்கான வாய்ப்பே மறுக்கப்பட்டிருந்தவர்கள் உள்ளே வர முடிந்தது. லிஸ்ஸி போர்டன் பல ஆண்டுகள் சிறுகச் சிறுக எடுத்து 1983இல் வெளியிட்ட ‘பார்ன் இன் ஃப்ளேம்ஸ்’ இந்த மரபில் அரசியல் தெளிவு மிக்க படம். பெர்ட்டேயும் பிளேஸும் அதில் நடித்திருக்கிறார்கள். தொடரில் ஒரே ஒரு படத்துக்குத்தான் வர முடியும் என்பவர்கள் இதற்கு வாருங்கள்.

இந்திய இசையோடு ஏதாவது தொடர்பு உண்டா?

நான்கு முதற்குழுக்களோடு நேரடித் தொடர்பு இல்லை. அடுத்த வரிசையில் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்ட் யங் 1970 முதல் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் சிஷ்யராக இருந்து, தம்புராவின் நாதத்தையே தன் இசையின் அடித்தளமாக வைத்தவர். அவரிடம் பயின்ற ரைஸ் சாட்டம், 1977இல் ‘கிட்டார் ட்ரையோ’ என்ற ஆக்கத்தை அமைத்தார். பல மின்கிட்டார்கள் சேர்ந்து ஒரே ஸ்வரத்தை விடாமல் மீட்டும்போது மேலே எழும் உபநாதங்களே அதன் இசை. அவரையொட்டி, தியரெட்டிகல் கேர்ள்ஸ் குழுவிலிருந்த க்ளென் பிராங்கா பல கிட்டார்களைக் கொண்ட பெரிய ஆக்கங்களை அமைத்தார். 1981இல் வந்த ‘தி அசென்ஷன்’ அவற்றில் பெயர் பெற்றது. அதில் வாசித்த லீ ரனால்டோ, அதே ஆண்டு ஜூனில் ஒயிட் காலம்ஸ் கலைக்கூடத்தில் ‘நாய்ஸ் ஃபெஸ்ட்’ நடத்திய தர்ஸ்டன் மூர் ஆகியோர் சேர்ந்த சோனிக் யூத் குழுதான் இந்த ஒலியை உலகம் முழுவதும் கொண்டுபோயிற்று.

நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் நம் கண்ணுக்குப் படுவதே இல்லை. சாட்டத்தின் ஆக்கத்தில் ஒத்து மட்டும்தான் இருக்கிறது, நாகஸ்வரம் இல்லை. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தவிலுக்கு நெருக்கமாக நின்றிருப்பவர்களுக்கு இதன் ஒலியளவு ஒரு பொருட்டாகவே இராது.

அரசுப் பணம் வாங்கியிருக்கிறார்களாமே? பிறகென்ன மாற்றுக் கலை?

வாங்கியிருக்கிறார்கள். கோலாப் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கலைஞர் கூட்டமைப்பு, அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியத்திடமிருந்து மானியம் பெற்றது. நியூ சினிமா அரங்குக்கும் அந்த வழியாகப் பணம் வந்தது. அதே கூட்டமைப்பினர் 1980 புத்தாண்டு நாளில் டிலான்சி தெருவில் காலியாகக் கிடந்த நகராட்சிக் கட்டடத்துக்குள் பூட்டைத் திறந்து புகுந்து, வீட்டுமனை வணிகத்தைக் கண்டித்துக் கண்காட்சி வைத்தார்கள். காவல்துறை உடனே மூடியது; பேச்சுவார்த்தைக்குப் பின் அருகில் கிடைத்த மாற்றிடம் ‘ஏ.பி.சி. நோ ரியோ’ என்ற கலைக்கூடமாயிற்று. அரசிடம் பணமும் வாங்கி, அரசின் கட்டடத்துக்குள் அத்துமீறியும் நுழைந்தவர்களை எங்களால் போலிகள் என்று சொல்ல முடியவில்லை.

வன்முறையும் ஆபாசமும் இருக்குமா?

1985இல் நிக் செட் வெளியிட்ட அறிக்கையோடு தொடங்கிய ‘சினிமா ஆஃப் டிரான்ஸ்கிரஷன்’ படங்களில் இருக்கும். அதிர்ச்சியூட்டுவதையே குறிக்கோளாக அறிவித்த படங்கள் அவை. நாங்கள் அவற்றைத் திரையிடவில்லை. அதிர்ச்சி விரைவில் பழகிவிடுகிற சரக்கு, நாற்பது ஆண்டு கழித்து அதில் மிஞ்சுவது குறைவு. திரையிடும் படங்களில் சில காட்சிகள் சிறுவர்களுக்கு உகந்தவை அல்ல. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மட்டும் வரவும்.

அதே ஆண்டுகளில் மதுரைப் பக்கம் என்ன நடந்தது?

அங்கே நடந்ததை இங்கே தேடினால் கிடைக்காது. சூப்பர் 8 கேமரா இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர் கொண்டுவந்தால்தான் உண்டு. ஆனால் அதே ஆண்டுகளில் இங்கே அசைவு இல்லாமல் இல்லை. 1976இல், அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா ‘அன்னக்கிளி’ மூலம் திரையிசையின் ஒலியை மாற்றினார். அது வெகுமக்கள் கலையின் மையத்தில் நடந்த மாற்றம். ஓரத்தில் நடந்தவற்றில் நாடகமே முதன்மையானது. 1977இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் முன்னின்று நடத்திய நாடகப் பட்டறை தமிழ் நவீன நாடகத்துக்கு ஒரு தொடக்கம். அடுத்த ஆண்டில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கம் மதுரையில் தோன்றித் தெருவையும் திறந்தவெளியையும் அரங்காக்கியது. நியூயார்க்கில் காலி மாடி செய்த வேலையை இங்கே தெருமுனை செய்தது.

சினிமாவில், ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தார். பின்னர் 1984இல் கேரளத்தில் ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கி, மக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்தில் படமெடுத்து, ஊர் ஊராக 16 மி.மீ. புரொஜெக்டரோடு போனார். மலிவான கருவியின் காலம் இங்கே வந்தது கையடக்க வீடியோ கேமராவோடுதான். 1998இல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கி நடத்தியவர்களில் ஒருவரான ஆர்.பி. அமுதன், 2003இல் மதுரைத் தெரு ஒன்றில் கையால் மலம் அள்ளும் பெண் தொழிலாளியின் ஒரு காலை நேர வேலையைக் கூடவே நின்று படமாக்கினார். இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு ஊர்களின் படங்களையும் பக்கத்தில் வைத்தால், கருவி ஒரே வகையானது, கேமரா நிற்கும் இடம் முற்றிலும் வேறானது. நியூயார்க்காரர்கள் தங்கள் நண்பர்களைப் படமெடுத்தார்கள். இங்கே எடுத்தவர்கள் ஊர் பார்க்க மறுத்ததைப் படமெடுத்தார்கள்.

அது ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது?

பல காரணங்கள் ஒருசேர வந்தன. ஹெராயின் பழக்கமும், 1981 முதல் எய்ட்ஸ் நோயும் அந்த வட்டாரத்தைக் கடுமையாகத் தாக்கின. வாடகை ஏறியது. கலைஞர்கள் குடியேறியதால் பேர் பெற்ற தெருக்களுக்குக் கலைக்கூடங்கள் வந்தன, அவற்றைத் தொடர்ந்து பணக்காரர்கள் வந்தார்கள். இந்த வட்டாரத்தினர் கூடிய மட் கிளப் என்ற இரவு மன்றம் 1983இல் மூடப்பட்டது. 1988 ஆகஸ்டில் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் ஊரடங்கை எதிர்த்தவர்களைக் காவல்துறை அடித்து விரட்டியபோது சண்டை வெளிப்படையாகவே குடியிருப்பைப் பற்றியதாயிருந்தது. சி.பி.ஜி.பி. மன்றம் தாக்குப்பிடித்து 2006 அக்டோபரில் வாடகைத் தகராறில் மூடியது.

இன்னொரு காரணம், ஆட்கள் தொழில் கற்றுக்கொண்டார்கள். ஜிம் ஜார்முஷ் இந்த வட்டாரத்தில் இசைக்குழுவில் வாசித்துக்கொண்டே 1980இல் முதல் படத்தை எடுத்து, 1984இல் ஜான் லூரி நடித்த ‘ஸ்ட்ரேஞ்சர் தன் பாரடைஸ்’ படத்துக்குக் கான் விழாவில் கேமரா டோர் விருது பெற்றார். வாசிக்கத் தெரியாதவர் நான்கு ஆண்டு தொடர்ந்து வாசித்தால் வாசிக்கத் தெரிந்துவிடுகிறது; அதன்பின் தெரியாதது போல் வாசித்தால் அது நடிப்பு. டி.என்.ஏ. 1982இல் கலைந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறோம்.

படப்பிரதிகள் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கின்றன?

ஒரே பிரதியாக இருந்த சுருள் பலமுறை ஓடித் தேய்ந்தது ஒன்று. அக்கால வீடியோ நாடாவிலிருந்தே சில படங்கள் மீட்கப்பட்டது மற்றொன்று. கோடாக் 1997இல் சூப்பர் 8 ஒலிச் சுருளை நிறுத்திவிட்டது. எங்கள் புரொஜெக்டரில் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

ஒலி எவ்வளவு சத்தமாக இருக்கும்?

அக்கம்பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறோம். ஜன்னல்களை மூடிவிடுவதால் அறை புழுக்கமாக இருக்கும், மெல்லிய பருத்தி உடையில் வரவும். இசைப் பகுதிக்கு ஒலியைக் கூட்டியும் படத்துக்குக் குறைத்தும் வைப்போம், ஏனெனில் சூப்பர் 8 ஒலியைக் கூட்டினால் பேச்சைவிட இரைச்சலே மிகும். காதில் தொந்தரவு உள்ளவர்கள் ஸ்பீக்கருக்கு நேர் எதிரேயுள்ள முதல் இரண்டு வரிசைகளைத் தவிர்த்துப் பின்வரிசையில் அமர்வது நல்லது. பஞ்சு வாசலில் இருக்கும்.